கலப்புப் பொருளாதாரம்: எதோட எதைக் கலக்குறோம்?

"மிக்ஸட் எகானமி"க்குத் தமிழ் என்னன்னு கேட்டா பள்ளிக்கூடப் பாடம் ஞாபகம் இருக்குற யாரும் டக்குனு "கலப்புப் பொருளாதாரம்"னு சொல்லிடுவாங்க. சொல் சரிதான், எனக்கு அதுல சண்டை இல்ல. ஆனா கேக்குறவங்க காதுல அது ரெண்டு விதமா விழுது. ஒண்ணு, கேப்பிட்டலிசம் பாதி சோசலிசம் பாதி, சரிபாதியா ஊத்திக் கலக்குற சமாச்சாரம்னு. இன்னொண்ணு, கலப்படம், அதாவது சுத்தமான கொள்கை ஒண்ணு எங்கயோ இருந்துச்சு, இவங்க வந்து கெடுத்துட்டாங்கன்னு. ரெண்டுமே தப்பு. இந்தக் குழப்பத்துக்குக் "கலப்பு"ங்கற சொல்லைக் குறை சொல்றாங்க, ஆனா எனக்கென்னவோ கலக்கப்படுற அந்த ரெண்டு சரக்குக்கும் நாம வச்ச பேர்லதான் கோளாறுன்னு தோணுது.

முதல்ல "முதல்". கேப்பிட்டல்ங்கற சொல்லுக்கு மூலம் லத்தீன்ல கேபுட், அப்படின்னா தலை. கடன்ல வட்டி போக தலைப்பணம் எதுவோ அதுக்குத்தான் ஐரோப்பாவுல முதல்ல அந்தப் பேர் நின்னுச்சு. தமிழ்ல இதுக்கு மொழிபெயர்ப்பே தேவைப்படல, "வட்டியும் முதலுமா வாங்கிட்டான்", "முதலுக்கே மோசம்"னு நாம எப்பவோ பேசிக்கிட்டுதான் இருக்கோம். திருக்குறள்லயே "முதலிலார்க்கு ஊதியம் இல்லை"ன்னு இருக்கு (449), கைமுதல் இல்லாதவனுக்கு லாபம் கிடையாதுன்னு நேரடி வியாபார பாஷை. ஆக தலை, தொடக்கம், போட்ட பணம், எல்லாமே ரெண்டு மொழியிலயும் ஒரே வழியில வந்து நிக்குது. ரொம்ப அழகான பொருத்தம்.

கெட்டுப்போனது அதுக்கு அடுத்த படியில. கேப்பிட்டல்ல இருந்து கேப்பிட்டலிசம் வந்துச்சு. அதுவும் லேட்டா வந்த சொல்தான், 1850ல பிரெஞ்சு சோசலிஸ்ட் லூயி பிளாங்க் கிட்டத்தட்ட இன்னைக்கு உள்ள அர்த்தத்துல எழுதுறார், அதாவது பேர் வச்சதே எதிராளிங்க. மார்க்ஸ் கூட அந்த இசத்தைப் பெருசா தொடல, "முதலாளிய உற்பத்தி முறை"ங்கற மாதிரிதான் எழுதினார், 1902ல ஜெர்மன்காரர் சோம்பார்ட் எழுதின நூலுக்கு அப்புறம்தான் படிச்சவங்க வட்டாரத்துல சொல் நல்லா ஓடுச்சு. நாம என்ன பண்ணினோம்னா முதல்ங்கற பொருள்ல இருந்து நேரா போகாம நடுவுல ஒரு ஆளை நிறுத்தி, முதலாளி, அதுல இருந்து முதலாளித்துவம்னு போயிட்டோம். மலையாளத்துலயும் இதே கதை, அங்க முதலாளித்தம். முதலை ஆள்றவன் முதலாளி, சரி, ஆனா "துவம்" சேர்த்ததும் அது ஏதோ முதலாளியோட குணம், அவரோட திமிரு மாதிரி ஒலிக்குது. பணம் எப்படிச் சுத்துது, விலை எப்படி அமையுது, நஷ்டத்தை யார் சுமக்குறாங்கங்கற ஒரு ஏற்பாட்டோட பேரு, ஒரு மனுஷனோட குணத்துக்குப் பேரா சுருங்கிடுச்சு. இதுல வேடிக்கை என்னன்னா முதலாளி தமிழ், துவம் சமஸ்கிருதம், சொல்லே கலப்பு! தமிழ் ஒட்டு வேணும்கறவங்க "முதலாளியம்"னு எழுதுறாங்க, பெண்ணியம், மார்க்சியம் மாதிரி. நான் "முதலியம்"னே எழுதலாம்னு ஒரு காலத்துல முயற்சி பண்ணேன், படிச்சவங்க அதை ஒரு சாதிப்பேரோட சம்பந்தப்படுத்திக் கேட்டாங்க, விட்டுட்டேன்.

அடுத்து சோசலிசம். லத்தீன் சோசியஸ், கூட்டாளி. 1820கள் கடைசியில இங்கிலாந்துல சமூகச் சீர்திருத்தக்காரர் ராபர்ட் ஓவனோட கூட்டுறவு ஆட்கள் புழங்கின சொல். கவனிங்க, இந்த வேர்ல சொத்து இல்ல, உடைமை இல்ல, கூட்டாளி மட்டும்தான். தமிழ்ல இதுக்கு ஒண்ணுக்கு மூணு வச்சிருக்கோம்: சமதர்மம், சமவுடைமை, பொதுவுடைமை. பாரதி "முழுமைக்கும் பொது உடைமை"ன்னு பாடிட்டுப் போனார், அந்தச் சொல் பின்னாடி கம்யூனிசத்துக்குன்னே ஒதுங்கிடுச்சு. 1930கள்ல பெரியாரும் சிங்காரவேலரும் ஊர் ஊரா கொண்டுபோனது சமதர்மம். சொல்லப்போனா மூணுல அதுதான் வேருக்குக் கிட்ட வருது, தர்மம்னு இருக்குறதால தனித்தமிழ்க்காரங்களுக்குப் பிடிக்கலைன்னாலும், அதுல உடைமைப் பேச்சு கிடையாது, நடந்துக்குற முறையைப் பத்தின பேச்சுதான். இலங்கையில இந்தத் தகராறே வேண்டாம்னு "இலங்கை சனநாயக சோசலிசக் குடியரசு"ன்னு நாட்டுப் பேர்லயே சோசலிசத்தை அப்படியே வச்சுட்டாங்க.

இப்ப பாருங்க, ஒரு பக்கம் ஆளைச் சொல்ற முதலாளித்துவம், இன்னொரு பக்கம் சொத்தைச் சொல்ற சமவுடைமை. இந்த ரெண்டையும் கலன்னு சொன்னா மண்டையில என்ன படம் வரும்? எத்தனை கம்பெனி தனியார் கையில, எத்தனை அரசாங்கத்து கையில, அவ்ளோதான். 1956 இந்தியத் தொழில் கொள்கைத் தீர்மானம் அந்தப் படத்துக்கு அச்சு அசலா பொருந்தும், 17 தொழில் ஒரு அட்டவணையில அரசுக்குன்னு, 12 தொழில் அடுத்த அட்டவணையில ரெண்டு பேருக்கும், மிச்சம் தனியாருக்கு. அதனால கலப்புன்னா அட்டவணைன்னே நமக்குப் பதிஞ்சுபோச்சு. ஆனா உலகத்துல மிக்ஸட்னு சொல்றப்ப பாதி நேரம் உடைமையே பேச்சுல இருக்காது. அமெரிக்கப் பொருளாதார அறிஞர் சாமுவேல்சன் 1948ல எழுதின பாடநூல்ல அமெரிக்காவையே மிக்ஸட்னுதான் சொல்லியிருக்கார், அங்க அரசாங்கம் எத்தனை ஃபாக்டரி வச்சிருந்துச்சு?

கலக்குறது உண்மையில எதைன்னா, முடிவை. எந்த முடிவை விலைகிட்ட விடுறது, எதைச் சட்டத்துகிட்ட விடுறது, எதுக்கு வரிப்பணத்துல இருந்து கொடுக்குறதுங்கறதை. ஜெர்மனியை எடுத்துக்குவோம், எனக்கு ரொம்பப் பிடிச்ச உதாரணம். 1948 ஜூன்ல புது நாணயம் வந்தப்ப அங்க பொருளாதாரப் பொறுப்புல இருந்த லுட்விக் எர்ஹார்ட் பெரும்பாலான பொருளுக்கு விலைக் கட்டுப்பாட்டைத் தூக்கினார், அது பக்கா சந்தை. அதே மேற்கு ஜெர்மனி 1951ல ஒரு சட்டம் போட்டுச்சு, நிலக்கரி, இரும்பு கம்பெனிகள்ல 1,000 பேருக்கு மேல வேலை பார்த்தா நிர்வாகத்தைக் கண்காணிக்கிற மேற்பார்வைக் குழுவுல பாதி இடம் தொழிலாளர் தரப்புக்கு. ஷேர் யார்கிட்டயும் பிடுங்கல, உடைமை மாறவே இல்ல, ஆனா நாற்காலி மாறுச்சு. இதை முதலாளித்துவம்னு சொல்வீங்களா, சமவுடைமைன்னு சொல்வீங்களா? நம்ம ரெண்டு சொல்லுக்கும் இது அடங்காது. அவங்க அதுக்குத் தனியா பேர் வச்சுக்கிட்டாங்க, சமூகச் சந்தைப் பொருளாதாரம், பொருளாதார அறிஞர் ஆல்ஃப்ரெட் முல்லர் ஆர்மாக் வச்ச பேர்.

வைத்தியத்தை எடுத்தாலும் இதே கதைதான். பிரிட்டன்ல 1948ல இருந்து பெரும்பாலான ஆஸ்பத்திரியே அரசோடது. கனடாவுல டாக்டர்கள்ல நிறைய பேர் சொந்தமா தொழில் பண்றவங்க, பில்லை மட்டும் மாகாண அரசோட காப்பீடு கட்டுது. ஜெர்மனியில 1883ல இருந்தே காப்பீட்டு நிதிகள், முதலாளியும் தொழிலாளியும் சேர்ந்து கட்டுறது, அதைக் கொண்டுவந்தது அப்போ ஜெர்மன் சான்சலரா, அதாவது பிரதமர் மாதிரி, இருந்த பிஸ்மார்க், சோசலிஸ்ட் கட்சியை 1878ல சட்டம் போட்டு ஒடுக்கின அதே பிஸ்மார்க்! சோசலிஸ்ட் பக்கம் தொழிலாளி சாயக்கூடாதுன்னு சோசலிஸ்ட் கேக்குறதுல கொஞ்சத்தை இவரே கொடுத்தார். நோயாளிக்கு மூணு இடத்துலயும் கிட்டத்தட்ட ஒரே பாதுகாப்புதான், ஆனா யார் கையில சொத்து, யார் பணம் கட்டுறது, யார் முடிவெடுக்குறதுங்கறது மூணு விதம்.

தலைகீழாவும் உண்டு. சிங்கப்பூர்னா சந்தைக்குப் பேர்போன நாடு, ஆனா நிலத்துல சுமார் 90% அரசோடது, குடியிருக்குறவங்கள்ல பத்துல எட்டு பேர் கிட்டத்தட்ட அரசு கட்டின வீட்டுல. சீனா 1992ல தன்னை "சோசலிச சந்தைப் பொருளாதாரம்"னு சொல்லிக்கிச்சு, நகரத்து நிலம் முழுக்க அரசு உடைமை, அதைப் பயன்படுத்துற உரிமையை மட்டும் வித்து காசு பண்ணுது. சரிபாதிங்கற கணக்கெல்லாம் இங்க எங்க வரும்?

குறள்ல "இயற்றலும் ஈட்டலும் காத்தலும் காத்த வகுத்தலும் வல்லது அரசு"ன்னு இருக்கே (385), அதுல வகுத்தல், அதாவது பிரிச்சுக் கொடுக்குறது, அதுதானே சோசலிசம்னு ஒருத்தர் கேப்பார், எப்பவும் கேப்பார். இல்லீங்க. பரிமேலழகர் அந்த வகுத்தலுக்கு அறம் பொருள் இன்பத்துக்காகச் செலவழிக்கிறதுன்னுதான் உரை சொல்றார். அதை இழுத்துட்டு வந்து இருபதாம் நூற்றாண்டு சட்டை மாட்ட வேண்டாம். ஆனா சேர்க்குறதும் பிரிக்கிறதும் ஒரே வேலை இல்லன்னு தனித்தனி வினையா வச்சிருக்காங்க பாருங்க, அது நமக்கு உதவும்.

சரி, எதை எழுதறது? பொதுவா சொல்ல கலப்புப் பொருளாதாரம் போதும், மாத்த வேண்டாம். பொருளியல்னு போடாதீங்க, அது படிப்போட பேர். உடைமை பத்தி பேசினா "அரசுத்துறை, தனியார்துறை"ன்னு நேரா சொல்லுங்க. வரி வாங்கி பென்ஷன், வைத்தியம் கொடுக்குறதைப் பத்தி பேசினா மக்கள்நல அரசு, அதைப் போய் சமவுடைமைன்னு எழுதினா ஸ்வீடன்காரனுக்கே சிரிப்பு வரும், அங்க பெரிய கம்பெனிகள்ல பெரும்பாலானது தனியார் கையிலதான் இருக்கு. சோசலிசத்துக்கு நான் சோசலிசம்னே எழுதுறேன், தமிழ்தான் வேணும்னா சமதர்மம். அப்புறம் அந்த நடுவுல வர்ற "ப்"பை விட்டுடாதீங்க, "கலப்பு பொருளாதாரம்"னு விட்டு எழுதினா சொல்லே ஒட்டாம நிக்குது.