எறிகணை அல்ல, தோட்டா

அமெரிக்காவின் கென்டக்கி பக்கத்து அணில் வேட்டை பற்றி ஓர் ஆவணப்படம். பெரியவர் ஒருவர் மேசை முன் உட்கார்ந்து, சுண்டுவிரல் நீளக் குழாய்க்குள் வெடிமருந்தைக் கொட்டுகிறார். திரையின் கீழே தமிழில் ஓடுகிறது: 'தாத்தா அணிலுக்காக எறிகணைகளைக் கையேற்றம் செய்கிறார்.' இந்தப் பிழையைப் பார்ப்பது எனக்கு இது மூன்றாவது தடவை.

எறிகணை என்று மொழிபெயர்க்கப்பட்டது 'ஷெல்'. அது பழைய ஆங்கிலச் சொல். ஓடு, கூடு, சிப்பி என்று பொருள். உள்ளே ஏதாவது அடைத்த கூடு என்பதால் பீரங்கிக் குண்டுக்கும் அந்தப் பெயர் வந்தது, வேட்டைத் தோட்டாவுக்கும் வந்தது. சரி, ஆங்கிலத்தில் சொல் ஒன்று. தமிழிலும் ஒன்றாகவே இருக்க வேண்டுமா?

எறிகணை என்பது ஏவப்பட்டுப் பறந்து, விழுந்த இடத்தில் வெடிப்பது. வேட்டைத் தோட்டா எங்கும் பறப்பதில்லை. பறப்பவை அதற்குள் இருக்கும் ஈய ரவைகள். கூடு துப்பாக்கியிலேயே தங்கிவிடும். அதை எடுத்து, அடியில் மருந்தைப் பற்றவைக்கும் சிறு மூடியான பழைய 'கேப்'பைத் தட்டிவிட்டுப் புதியது பொருத்தி, மருந்து, தக்கை, ரவை என்று வரிசையாக இட்டு வாயை மடித்து மூடுகிறார்கள். அந்தப் பெரியவர் செய்வது இதைத்தான். வெடித்துச் சிதறிய எறிகணையை யாரும் மறுபடி அடைக்க முடியாது. அப்புறம் இன்னொன்று: ஈழத்தில் எறிகணை என்றால் பதுங்கு குழியும் சாவும் நினைவுக்கு வரும். 'ஷெல்லடி' என்று சொல்லியே வளர்ந்தவர்கள் முன்னால் அந்தச் சொல்லை அணில் வேட்டைக்கு வைப்பது கூடாது.

தோட்டா வடக்கிலிருந்து வந்த சொல், தூய தமிழ் இல்லை என்பார்கள். இந்தியில் 'டோட்டா', தெலுங்கில் 'தூட்டா'. இருக்கட்டும். வெடி வைத்து மீன் பிடிப்பவர்களும் மருந்து அடைத்த குழாயைத் தோட்டா என்றுதான் சொல்கிறார்கள். பொருள் இவ்வளவு தெளிவாகப் பதிந்த சொல்லைத் தள்ளிவிட்டு, தூய்மைக்காகத் தப்பான சொல்லை ஏற்க என்னால் முடியாது.

'ஹேண்ட்லோடிங்' என்பதற்கு வைத்த 'கையேற்றம்' இன்னும் மோசம். ஏற்றுவது என்றால் தோட்டாவைத் துப்பாக்கிக்குள் போடுவது என்றே படிப்பவர் நினைப்பார். தமிழில் 'அடைத்தல்' இருக்கிறது, மருந்தைக் 'கெட்டித்தல்' இருக்கிறது. அகராதியில் முதல் பொருளை எடுத்து ஒட்டிவிட்டுப் போகிற மொழிபெயர்ப்பாளர் திரையில் நடப்பதைப் பார்ப்பதே இல்லை. அதே படத்தில் '410 கேஜ்' என்றும் வந்தது. 410 கேஜ் அல்ல. அது துப்பாக்கிக் குழலின் உள்விட்டம், 0.410 அங்குலம், ஏறக்குறைய 10.4 மில்லிமீட்டர். கேஜ் என்பது வேறு கணக்கு: குழல் அளவு ஈய உருண்டைகள் 28 சேர்ந்து ஒரு பவுண்டு என்றால் அது 28 கேஜ்.

அந்த வரி இப்படி இருந்திருக்கலாம்: 'தாத்தா அணில் வேட்டைக்குத் தோட்டா அடைக்கிறார்.'