தீயணைப்பு வீரருக்குத் தைராய்டு புற்றுநோய் வந்தால் எந்தச் சட்டம், எந்தத் திட்டம் கைகொடுக்கும்?

சித்தப்பா கழுத்தில் இருந்த கட்டியை முதலில் கண்டுபிடித்தவர் டாக்டர் இல்லை. பாளையங்கோட்டையில் அவர் வழக்கமாக முகம் மழிக்கப் போகும் சலூன்காரர்தான். தாடையை நிமிர்த்திக் கத்தியை வைத்தவர் கையை நிறுத்திவிட்டு, "அண்ணாச்சி, இங்கன ஒரு உருண்டை தட்டுப்படுதே, பாத்தியளா? எச்சில முழுங்குங்க பாப்போம்" என்றாராம். முழுங்கியதும் உருண்டையும் கூடவே ஏறி இறங்கியிருக்கிறது. முழுங்கும்போது ஏறி இறங்கும் கட்டி என்றால் பெரும்பாலும் தைராய்டு சுரப்பியில் இருப்பதுதான்.

"வலிக்கவா செய்யுது? பொறவு எதுக்கு ஆஸ்பத்திரி?" என்று மூன்று மாதத்தை ஓட்டிவிட்டார். பிறகு சித்தி விடாப்பிடியாக ஐகிரவுண்டு ஆஸ்பத்திரிக்கு, அதாவது திருநெல்வேலி அரசு மருத்துவக் கல்லூரி ஆஸ்பத்திரிக்குக் கூட்டிப்போனார். ஸ்கேன் எடுத்தார்கள், ஊசியால் குத்தி சதை எடுத்துப் பார்த்தார்கள், பாப்பில்லரி வகைப் புற்றுநோய் என்றார்கள். தைராய்டு புற்றுநோய்களில் அதிகம் வருவதும், சரியாகக் கவனித்தால் பெரும்பாலானோர் நல்லபடியாகத் தேறுவதும் இந்த வகைதான்.

சித்தப்பா தீயணைப்புத் துறையில் 31 வருடம் வேலை பார்த்து ஓய்வு பெற்றவர். ராமையன்பட்டி குப்பைக் கிடங்கு கோடையில் பற்றிக்கொண்டால் நாள்கணக்கில் புகையும். அங்கே நின்று தண்ணீர் அடித்தவர். மூச்சுக்கருவியின் சிலிண்டர் அரை மணி நேரத்துக்குக் கொஞ்சம் கூட வரும், அவ்வளவுதான். நாள் முழுக்கப் புகையும் குப்பைமேட்டில் அது எத்தனை நேரத்துக்கு ஆகும்? ஈரத்துண்டை மூக்கில் கட்டிக்கொண்டு நின்றதாகச் சொல்வார். வீட்டுக்கு வந்தால் சட்டையை சித்தி தனி வாளியில்தான் ஊறப்போடுவார். மூன்று தண்ணீர் மாற்றினாலும் கருப்பு இறங்கிக்கொண்டே இருக்கும்.

முடிவு தெரிந்த அன்று அவர் கேட்டது ஒரே கேள்விதான். "இது வேலையால வந்ததா? அப்படின்னா கவர்மெண்டு ஏதாவது தருமா?" அதில் இரண்டு கேள்விகள் இருக்கின்றன. இரண்டையும் ஒன்றாகப் போட்டுக் குழப்பிக்கொள்வதால்தான் பலர் கிடைக்க வேண்டியதையும் விட்டுவிடுகிறார்கள். வேலையால் வந்ததா என்பது நஷ்டஈட்டுக்கான கேள்வி. சிகிச்சைப் பணம் வாங்க அதற்குப் பதில் தேவையே இல்லை.

முதலில் வேலையால் வருமா என்பதைப் பார்ப்போம். உலக சுகாதார நிறுவனத்தின் புற்றுநோய் ஆய்வு முகமை, தீயணைப்பு வேலையையே புற்றுநோய் உண்டாக்கும் தொழில் என்று 2022ல் முதல் பிரிவில் சேர்த்தது. போதிய சான்று இருப்பதாக அது சொன்னது இரண்டு புற்றுநோய்களுக்குத்தான்: சிறுநீர்ப்பைப் புற்றுநோய், மீசோதீலியோமா (பெரும்பாலும் நுரையீரலைச் சுற்றியுள்ள உறையில் வரும் புற்றுநோய்). பெருங்குடல், புராஸ்டேட், விதைப்பை, மெலனோமா என்னும் தோல் புற்றுநோய், ஒருவகை நிணநீர்ப் புற்றுநோய் ஆகியவற்றுக்கு ஓரளவு சான்று உண்டு என்றது. தைராய்டு இந்த இரண்டு வரிசையிலும் இல்லை.

அதற்காகத் தொடர்பே இல்லை என்று யாராவது சொன்னால் ஒத்துக்கொள்ளாதீர்கள். அமெரிக்காவின் ஃபுளோரிடா மாநிலத்தில் 1981 முதல் 2014 வரையிலான புற்றுநோய்ப் பதிவுகளை வைத்து, தீயணைப்பு வீரர்களை மற்றவர்களோடு ஒப்பிட்டு 2020ல் ஓர் ஆய்வு வந்தது. தைராய்டு புற்றுநோய் ஆண் வீரர்களிடமும் பெண் வீரர்களிடமும் இரண்டு மடங்குக்கு மேல் தெரிந்தது. பிளாஸ்டிக்கும் ரெக்சினும் எரிந்த கரி கழுத்துத் தோல் வழியாகவும் உடம்புக்குள் போகிறது. கோட்டுக்கும் ஹெல்மெட்டுக்கும் நடுவில் அதிகம் திறந்து கிடப்பதும் கழுத்துதான்.

இன்னொரு பக்கத்தையும் சொல்லியாக வேண்டும். தைராய்டு புற்றுநோய், தேடினால் அகப்படும் நோய். ஒரு தொந்தரவும் தராத சின்னக் கட்டிகள் நிறையப் பேருக்கு இருக்கும். தென் கொரியாவில் ஸ்கேன் பரிசோதனை பரவலானபோது, 1993ல் இருந்ததைப்போல 15 மடங்கு நோயாளிகள் 2011ல் கண்டுபிடிக்கப்பட்டார்கள். இறப்பு மட்டும் கூடவில்லை. நியூயார்க்கில் 2001 செப்டம்பர் 11 இடிபாடுகளில் வேலை செய்த தீயணைப்பு வீரர்களுக்கும் தைராய்டு புற்றுநோய் கூடுதலாகத் தெரிந்தது. ஆனால் அந்தக் கூடுதலில் பெரும்பகுதி, வேறு காரணத்துக்கு எடுத்த ஸ்கேனில் அறிகுறி இல்லாமல் அகப்பட்டவை என்று 2020ல் வந்த ஆய்வு காட்டியது. ஆகவே அடிக்கடி மருத்துவப் பரிசோதனைக்குப் போகும் வீரரை, ஆஸ்பத்திரிப் பக்கமே போகாத விவசாயக் கூலியோடு ஒப்பிட்டால் கணக்கு தவறும். அவரைப்போலவே பரிசோதனை செய்துகொள்ளும் போலீஸ்காரரோடோ வேறு அரசு ஊழியரோடோ ஒப்பிட்டால்தான் நியாயமான விடை வரும்.

இனி சட்டத்துக்கு வருவோம். 1923ம் ஆண்டின் தொழிலாளர் இழப்பீட்டுச் சட்டம் நீண்டகாலம் இதற்கு அடிப்படையாக இருந்தது. 2025 நவம்பர் 21 முதல் சமூகப் பாதுகாப்புச் சட்டத் தொகுப்பு, 2020 அதன் இடத்துக்கு வந்திருக்கிறது. இரண்டிலுமே தொழில்நோய்கள் இருப்பது மூன்றாம் அட்டவணையில். அந்தப் பட்டியலில் இருக்கும் நோய், அதற்குரிய வேலையில் இருந்தவருக்கு வந்தால் வேலையால் வந்ததாகவே எடுத்துக்கொள்ளப்படும். இல்லை என்று நிரூபிக்கும் பொறுப்பு முதலாளி பக்கம் போய்விடும். அட்டவணையின் பி பகுதியில் உள்ள நோய் என்றால் அந்த வேலையில் தொடர்ந்து ஆறு மாதமாவது இருந்திருக்க வேண்டும்.

பட்டியலில் சிறுநீர்ப்பைப் புற்றுநோய் இருக்கிறது. ஆஸ்பெஸ்டாஸால் வரும் மீசோதீலியோமா இருக்கிறது. உலக முகமை உறுதியாகச் சொன்ன இரண்டுமே நம் சட்டத்திலும் இருக்கின்றன. எனவே தீயணைப்பு வீரர் ஒருவருக்குச் சிறுநீரில் ரத்தம் போய் அது சிறுநீர்ப்பைப் புற்றுநோய் என்று தெரிந்தால், இழப்பீடு கேட்கத் தயங்கவே வேண்டாம். தீயணைப்புப் படையில் வேலை செய்பவரைப் பழைய சட்டத்தின் இரண்டாம் அட்டவணை வெளிப்படையாகவே தொழிலாளர் வரிசையில் வைத்திருந்தது.

தைராய்டு அங்கே பெயர் சொல்லி இல்லை. ஆனால் 'அயனியாக்கும் கதிர்வீச்சால் வரும் நோய்கள்' என்று ஒரு வரி உண்டு. தைராய்டு புற்றுநோய்க்குக் கதிர்வீச்சு ஒரு காரணம் என்பது மருத்துவத்தில் முடிவான விஷயம். அதனால் நம் ஊர் எக்ஸ்ரே டெக்னீஷியனுக்கோ, கூடங்குளத்தில் கதிர்வீச்சுப் பகுதியில் வேலை பார்ப்பவருக்கோ இதே நோய் வந்தால் அந்த வரியைக் காட்டிக் கேட்கலாம். அவர்களுடைய கதிர்வீச்சு அளவு குறிப்பிட்ட காலத்துக்கு ஒருமுறை அட்டையில் பதிவாகிக்கொண்டும் இருக்கும். சித்தப்பா குடித்த புகையை அளந்து எழுதி வைத்த அட்டை எதுவும் இல்லை. ஒரே நோய்தான், ஒரே மாவட்டம்தான். ஒருவருக்குச் சட்டத்தில் ஒரு வரி இருக்கிறது, இன்னொருவருக்கு இல்லை. எனக்கு இது ஆறவே இல்லை.

பட்டியலில் இல்லாத நோய்க்கு இழப்பீடு வேண்டுமானால், வேலையின்போது நடந்த குறிப்பிட்ட ஒரு விபத்தின் காயத்தால்தான் இந்த நோய் வந்தது என்று நாம் காட்ட வேண்டும். பல வருடம் கொஞ்சம் கொஞ்சமாகச் சேர்ந்த புகைக்கு இது பொருந்துவது கடினம். பொய் நம்பிக்கை தர எனக்கு மனமில்லை: இன்றைய நிலையில் தீயணைப்பு வீரரின் தைராய்டு புற்றுநோய்க்குத் தொழில்நோய் இழப்பீடு தானாக வராது.

ஆனால் வேறு நாடுகளில் வருகிறது. அமெரிக்காவின் மத்திய அரசுத் தீயணைப்பு வீரர்களுக்கு 2022 டிசம்பரில் வந்த சட்டத்தில், ஐந்து வருடம் பணி செய்தவருக்கு வரும் தைராய்டு புற்றுநோயும் வேலையால் வந்ததாகக் கருதப்படும் பட்டியலில் சேர்ந்தது. கனடாவின் ஒன்டாரியோ மாகாணம் 2023ல் சேர்த்தது. இங்கேயும் அட்டவணையில் புதிய வேலையையும் நோயையும் சேர்க்க மாநில அரசுக்கு அதிகாரம் உண்டு. பழைய சட்டத்தின் 3(3) பிரிவில் மூன்று மாத முன்னறிவிப்போடு அரசிதழில் வெளியிட்டாலே போதும் என்று இருந்தது. தீயணைப்பு ஊழியர்கள் ஒன்றுசேர்ந்து கேட்க வேண்டிய கோரிக்கை இதுதான் என்பது என் கருத்து.

பட்டியலில் உள்ள நோய் உள்ளவர்களுக்காகத் தொகையையும் சொல்லிவிடுகிறேன். சம்பளம் எவ்வளவு கூடுதலாக இருந்தாலும் மாதம் 15,000 ரூபாய்க்கு மேல் கணக்கில் எடுக்க மாட்டார்கள். 2020 ஜனவரியில் வைத்த உச்சவரம்பு அது. இறந்தால் அதில் பாதியை, சட்டத்தின் அட்டவணையில் வயதுக்கு ஏற்பக் கொடுத்திருக்கும் எண்ணால் பெருக்க வேண்டும். 50 வயதுக்குரிய எண் 153.09. 7,500ஐ அதனால் பெருக்கினால் 11,48,175 ரூபாய். முழுமையான நிரந்தர ஊனம் என்றால் 60 சதவீதம், அதாவது 9,000ஐப் பெருக்கி 13,77,810 ரூபாய். மனுவை இரண்டு வருடத்துக்குள் தொழிலாளர் துறை ஆணையரிடம் கொடுக்க வேண்டும் என்பது பழைய சட்டத்தின் கெடு. அதை மனதில் வைத்துக்கொண்டு தாமதிக்காமல் கொடுத்துவிடுங்கள்.

சிகிச்சைப் பணம் இதைவிட எளிது. பணியில் இருக்கும் வீரருக்கு அரசு ஊழியர் மருத்துவக் காப்பீடு உண்டு. 2021 ஜூலையில் தொடங்கிய திட்டப்படி மாதம் 300 ரூபாய் பிடித்தம், நான்கு வருடத்துக்கு 5 லட்சம், குறிப்பிட்ட கடும் நோய்களுக்கு 10 லட்சம் வரை என்று இருந்தது. சித்தப்பாவைப் போன்ற ஓய்வூதியருக்கு 2022 ஜூலையில் தொடங்கிய தனித் திட்டம். தொடங்கியபோது பிடித்தம் மாதம் 497 ரூபாய், தொகை அதேபோல்தான். திட்டம் புதுப்பிக்கப்படும்போது இந்த எண்கள் மாறும். நடப்பில் என்ன என்பதை ஓய்வூதியர் மாவட்டக் கருவூலத்திலும், பணியில் இருப்பவர் சம்பளம் போடும் அலுவலகத்திலும் கேட்டுக்கொள்ளலாம்.

நாங்கள் தடுமாறிய இடத்தைச் சொல்கிறேன். அறுவை சிகிச்சைக்குப் போன தனியார் ஆஸ்பத்திரியில், காப்பீட்டு அனுமதி வரும்வரை முன்பணம் கட்டச் சொன்னார்கள். அவசரத்தில் கட்டினோம். ரசீது கேட்டு வாங்கவில்லை. அதைத் திரும்பப் பெற நாலு மாதம் நடந்தோம். நீங்கள் ஆஸ்பத்திரிக்குள் காலை வைக்குமுன்னே அது திட்டத்தின் பட்டியலில் இருக்கிறதா, இந்த நோய்க்கு அங்கே அனுமதி உண்டா என்ற இரண்டையும் காப்பீட்டு மேசையில் கேட்டுவிடுங்கள். நம் பக்கத்திலிருந்து நிறையப் பேர் திருவனந்தபுரத்துக்கு ஓடுவார்கள். போகுமுன் இதைக் கேட்பது இன்னும் முக்கியம். கையிலிருந்து செலவழித்திருந்தால் டிஸ்சார்ஜ் சம்மரி, அசல் ரசீதுகள், சதைப் பரிசோதனை அறிக்கை ஆகியவற்றோடு விண்ணப்பிக்கலாம். ஆட்சியர் தலைமையிலான மாவட்டக் குழு பரிசீலிக்கும்.

சுரப்பியை எடுத்தபின் வாழ்நாள் முழுக்க தைராக்சின் மாத்திரை, காலையில் வெறும் வயிற்றில். இது காப்பீட்டில் வராது. மாதச் சம்பளத்திலும் ஓய்வூதியத்திலும் வரும் 300 ரூபாய் மருத்துவப்படிதான் இதற்கு உதவும்.

தொழிற்சாலைகளில் காண்டிராக்டில் தீயணைப்பு வேலை பார்க்கும் பையன்கள் இந்தத் திட்டங்களில் வரமாட்டார்கள். சம்பளம் 21,000க்குள் இருந்தால் அவர்களுக்கு இ.எஸ்.ஐ. என்னும் தொழிலாளர் அரசுக் காப்பீட்டின் சிகிச்சையோடு, புற்றுநோய் நீண்டகால நோய்ப் பட்டியலில் இருப்பதால், தினக்கூலியில் 80 சதவீதம் இரண்டு வருடம் வரை கிடைக்கும். இரண்டு வருடமாவது தொடர்ந்து வேலை, அதில் 156 நாள் சந்தா இருக்க வேண்டும். இ.எஸ்.ஐ.யும் இல்லை, குடும்ப வருமானம் ஆண்டுக்கு 1,20,000க்குள் என்றால் முதலமைச்சர் காப்பீட்டுத் திட்டம், குடும்பத்துக்கு வருடம் 5 லட்சம். கிராம நிர்வாக அலுவலரிடம் வருமானச் சான்று வாங்கி, ரேஷன் கார்டோடு ஆட்சியர் அலுவலகத்தில் உள்ள பதிவு மையத்துக்குப் போக வேண்டும். சந்தேகத்துக்கு 1800 425 3993.

பணியில் இருக்கும் தம்பிமாருக்கு ஒன்று. சட்டம் நாளைக்கே மாறினாலும், எந்தத் தீயில் எத்தனை மணி நேரம் நின்றீர்கள் என்று கேட்பார்கள். சித்தப்பா இப்போது ஒரு நாற்பது பக்க நோட்டில் நினைவிலிருந்து எழுதிக்கொண்டிருக்கிறார்: எந்த வருடம், எந்த ஊர், என்ன எரிந்தது, மூச்சுக்கருவி போட்டிருந்தாரா. பாதிக்கு மேல் தேதி ஞாபகம் வரவில்லை. நீங்கள் அன்றன்றைக்கே எழுதி வையுங்கள். விட்டுப்போனதை நிலையப் பதிவேட்டிலிருந்து தகவல் உரிமைச் சட்டப்படி கேட்டு வாங்கலாம். கட்டணம் 10 ரூபாய், பதில் 30 நாளில் வர வேண்டும். சித்தப்பாவுக்கான மனுவை நேற்றுத்தான் பதிவுத் தபாலில் போட்டுவிட்டு வந்தேன்.