ஊசி ஏறுகிறதா? என்ஜினை அணையுங்கள்

கோடை பிறந்துவிட்டால் எண்ணூர் விரைவுச்சாலையிலும் மணலி சாலையிலும் போனட்டைத் திறந்துவைத்து ஓரமாக நிற்கும் கார்கள் கூடிவிடும். வெயில்தான் காரணம் என்று பலரும் நினைக்கிறார்கள். என்ஜின் சூட்டை ஏந்திச் செல்லும் கூலன்ட் திரவம், அதை ஆறவைக்கும் ரேடியேட்டர், அதற்குக் காற்று இழுக்கும் ஃபேன் மூன்றும் ஒழுங்காக இருக்கும் கார் கத்திரி வெயிலிலும் கொதிக்காது. மாதக்கணக்கில் உள்ளே இருந்துவந்த பழுதை அந்த வெயில் வெளியே காட்டுகிறது.

கார் எப்போது சூடாகிறது என்பதைக் கவனித்தாலே பழுது பாதி பிடிபட்டுவிடும். கன்டெய்னர் லாரிகளுக்குப் பின்னால் ஊர்ந்து செல்லும்போது டேஷ்போர்டில் என்ஜின் சூட்டைக் காட்டும் ஊசி ஏறி, சாலை காலியானதும் இறங்குகிறது என்றால் முதலில் சந்தேகப்பட வேண்டியது ஃபேனை. வண்டி ஓடும்போது எதிர்க்காற்றே ரேடியேட்டரைக் குளிர்விக்கும். நெரிசலில் அந்தக் காற்று இல்லை. ஃபேன் இழுக்கும் காற்றுதான் ஒரே வழி. இதைச் சோதிக்க மெக்கானிக் தேவையில்லை. வண்டியை நிறுத்தி, என்ஜின் ஐடிலில் ஓடும்போது ஏசியைப் போடுங்கள். பெரும்பாலான கார்களில் ஓரிரு நிமிடத்துக்குள் ஃபேன் சுற்றும் சத்தம் கேட்க வேண்டும். கேட்காவிட்டால் ஃபியூஸ், ரிலே, ஒயர் சாக்கெட், மோட்டார் என்ற வரிசையில் பார்க்கச் சொல்லுங்கள். மழைக்காலத்தில் வியாசர்பாடி, கணேசபுரம் சுரங்கப்பாதைத் தண்ணீரில் இறங்கி ஏறிய வண்டியென்றால் ஃபேன் மோட்டாரைக் கட்டாயம் பார்க்க வேண்டும். நவம்பரில் உள்ளே போன சேற்றுத் தண்ணீர் பேரிங்கைத் துருப்பிடிக்க வைக்கும். மோட்டார் இறுகி நின்றுபோவது ஏப்ரலில்தான் தெரியவரும்.

ஊருக்குள் ஒழுங்காக ஓடிய வண்டி, மீஞ்சூர்–வண்டலூர் வெளிவட்டச் சாலையில் வேகம் எடுத்ததும் சூடாகிறது என்றால் கதை வேறு. ரேடியேட்டர் குழாய்கள் உள்ளே அடைத்திருக்கலாம். சூடானதும் கூலன்ட்டுக்கு வழிவிடும் தெர்மோஸ்டாட் வால்வு பாதிதான் திறக்கலாம். கூலன்ட்டைச் சுற்றவைக்கும் வாட்டர் பம்பின் இம்பெல்லர் (உள்விசிறி) தேய்ந்திருக்கலாம். நிற்கும்போதும் ஓடும்போதும் சூடாகிறது, கூலன்ட்டும் குறைந்துகொண்டே வருகிறது என்றால் எங்கோ ஒழுகுகிறது. கீழ் ஹோஸ் கிளாம்ப், வாட்டர் பம்புக்கு அடியிலுள்ள சிறு துளை, ரேடியேட்டரின் பிளாஸ்டிக் டேங்க் அலுமினியத்தோடு சேரும் விளிம்பு ஆகிய மூன்று இடங்களிலும் வெள்ளையாகவோ பச்சையாகவோ பொருக்குத் தட்டியிருக்கிறதா என்று டார்ச் அடித்துப் பாருங்கள். எல்பிஜி, சிஎன்ஜி பொருத்திய வண்டிகளில் இன்னோர் இடமும் உண்டு. கேஸின் அழுத்தத்தைக் குறைக்கும் ரெடியூசரைச் சூடாக்க என்ஜின் கூலன்ட்டிலிருந்தே ஒரு கிளை எடுத்திருப்பார்கள். அந்த டி ஜாயின்ட்டில் கசிவு வருவதைப் பலர் கவனிப்பதில்லை.

வடசென்னையில் இன்னும் பெரிய சிக்கல் தண்ணீர். கடற்கரையை ஒட்டிய பகுதிகளில் போர் தண்ணீர் உப்பும் சுண்ணாம்பும் மிகுந்தது. மீஞ்சூர் பக்கம் நிலத்தடி நீரில் கடல்நீர் புகுந்தது பல ஆண்டுகளாகத் தெரிந்த செய்தி. அந்தத் தண்ணீரை ரேடியேட்டரில் ஊற்றினால் சூட்டில் சுண்ணாம்பு பிரிந்து குழாய்களின் உட்சுவரில் படியும். அந்தப் படிவு வெப்பத்தை வெளியே விடாது. உப்பிலுள்ள குளோரைடு அலுமினியத்தைப் புள்ளி புள்ளியாக அரிக்கும். வெளியே உப்புக்காற்று ரேடியேட்டரின் மெல்லிய தகடுகளை உதிர்க்கிறது. காசிமேடு, எண்ணூர் பகுதிகளில் நிற்கும் வண்டிகளில் விரலால் தொட்டாலே தகடு பொடியாவதைப் பார்க்கலாம்.

கான்சென்ட்ரேட் கூலன்ட் வாங்கினால் பொதுவாக ஒரு பங்கு கூலன்ட்டுக்கு ஒரு பங்கு டிஸ்டில்டு வாட்டர் சேர்க்க வேண்டும். ரெடிமிக்ஸ் என்று எழுதியிருந்தால் அப்படியே ஊற்றலாம். சிறிய கார்களுக்கு மொத்தம் 4 முதல் 6 லிட்டர் பிடிக்கும். சரியான அளவும் ரகமும் கையேட்டில் இருக்கும். நிறத்தை மட்டும் பார்த்து வாங்காதீர்கள். ரகம் மாறிக் கலந்தால் சில நேரம் கூழாகத் திரண்டு குழாயை அடைத்துவிடும். மாற்றிய பிறகு உள்ளே காற்று தங்கினாலும் சூடேறும். ஃபேன் ஒரு முறை சுற்றி நிற்கும்வரை ஓடவிட்டு ஏர் எடுத்தார்களா என்று கேளுங்கள். பழைய கூலன்ட்டைச் சாக்கடையில் கொட்ட விடாதீர்கள். இனிப்பாக இருப்பதால் நாயும் பூனையும் நக்கும். அதிலுள்ள எத்திலீன் கிளைகால் உயிரைப் பறிக்கும் விஷம்.

ஒழுகலுக்கு மஞ்சள் தூள் போடுவது, சூடேறினால் தெர்மோஸ்டாட்டைக் கழற்றி எறிவது, ஃபேனை டைரக்ட் செய்வது ஆகிய மூன்று பழக்கங்களையும் நாங்கள் கடுமையாக எதிர்க்கிறோம். மஞ்சள் தூள் ஓட்டையை மட்டும் அடைப்பதில்லை, காருக்குள் சூடான காற்று தரும் ஹீட்டர் கோரின் நுண்குழாய்களையும் அடைக்கும். தெர்மோஸ்டாட் இல்லாத என்ஜின் சரியான சூட்டுக்கு வரவே நேரமாகும். மைலேஜ் குறையும், சில என்ஜின்களில் கூலன்ட் ரேடியேட்டருக்குப் போகாமல் பைபாஸ் குழாயிலேயே சுற்றி இன்னும் சூடாகும். சென்சாரையும் ரிலேயையும் தாண்டி டைரக்ட் செய்த ஃபேனின் ஒயர் உருகித் தீப்பிடிக்கவும் வாய்ப்புண்டு.

இனி, சாலையில் ஊசி ஏறினால். பல சிறிய கார்களில் ஊசியே கிடையாது. குளிர்ந்த என்ஜினுக்கு நீல விளக்கு, கொதிக்கும் என்ஜினுக்குச் சிவப்பு விளக்கு, அவ்வளவுதான். சிவப்பு எரிந்தால் பேரம் பேச நேரமில்லை. ஊசி நடுவைத் தாண்டி ஏறத் தொடங்கும்போதே ஏசியை அணையுங்கள். உடனே ஒதுங்க முடியாத நெரிசல் என்றால் கண்ணாடிகளை இறக்கிவிட்டு ஹீட்டரை முழுச் சூட்டிலும் புளோயரை முழு வேகத்திலும் வையுங்கள். ஹீட்டர் கோர் ஒரு குட்டி ரேடியேட்டர். என்ஜின் சூட்டில் ஒரு பகுதியை அது இழுத்துக்கொள்ளும். வெந்து போவீர்கள், ஆனால் ஒதுங்கும்வரை என்ஜின் தாங்கும். ஹீட்டரிலிருந்து குளிர்ந்த காற்று வந்தால் உள்ளே கூலன்ட் இல்லை என்று பொருள். அப்போது ஊசி கீழே இறங்கினாலும் நம்பாதீர்கள், சென்சார் வெறும் காற்றை அளந்துகொண்டிருக்கலாம். அந்த இடத்திலேயே அணையுங்கள்.

அடுத்த பெட்ரோல் பங்க் வரை ஓட்டிவிடலாம் என்ற எண்ணத்தில்தான் பல என்ஜின்கள் பாழாகின்றன. சில நூறு ரூபாய் ஹோஸ் வேலை, பல ஆயிரம் ரூபாய் ஹெட் (என்ஜினின் மேல்பகுதி) வேலையாக மாறுவது அந்த இரண்டு கிலோமீட்டரில்.

இடது ஓரம் நிறுத்தி நான்கு இண்டிகேட்டரையும் போடுங்கள். எல்லோரும் இடப்பக்கக் கதவு வழியாக இறங்கி, சாலையை விட்டு விலகி நில்லுங்கள். கன்டெய்னர் லாரி ஓட்டுநருக்கு உங்கள் கார் கடைசி நொடியில்தான் தெரியும். சிவப்பு முக்கோணத்தைச் சுமார் 50 மீட்டர் பின்னால் வையுங்கள். நீராவி வந்தால் அது அடங்கும்வரை போனட்டைத் திறக்க வேண்டாம். ஃபேன் அருகே கை போகக்கூடாது, சாவியை எடுத்த பிறகும் அது தானாகச் சுற்றலாம்.

ரேடியேட்டர் மூடியைக் குறைந்தது 45 நிமிடத்துக்குத் தொடாதீர்கள். குக்கர் போல அந்த மூடி சுமார் 1 பார் அழுத்தத்தை உள்ளே பிடித்து வைத்திருக்கிறது. அதனால்தான் 100 டிகிரியைத் தாண்டியும் கூலன்ட் கொதிக்காமல் இருக்கிறது. மூடியைத் திறந்த நொடியே அது நீராவியாக வெடித்து முகத்தில் அடிக்கும். அப்படிப் பட்டுவிட்டால் 20 நிமிடம் ஓடும் குழாய்த் தண்ணீரில் காட்டுங்கள். பற்பசை, பேனா மை எதுவும் தடவாமல் 108-ஐ அழையுங்கள். கீழ்ப்பாக்கம் மருத்துவக் கல்லூரி மருத்துவமனையில் தீக்காயப் பிரிவு இருக்கிறது.

மேல் ஹோஸ் கையால் பிடிக்கும் அளவுக்கு ஆறிய பிறகு, துணியைப் போட்டு மூடியைக் கொஞ்சம் கொஞ்சமாகத் திருப்புங்கள். கைவசம் கேன் தண்ணீர் மட்டும் இருந்தால் அதையே ஊற்றலாம், ஆபத்துக்குப் பாவமில்லை. பிறகு ஃபிளஷ் செய்து கூலன்ட் நிரப்பிவிடுங்கள். ஆனால் சூடான என்ஜின்மேல் தண்ணீர் ஊற்றாதீர்கள், அலுமினிய ஹெட் வளையும் அல்லது விரிசல் விடும்.

ஸ்டார்ட் செய்வதற்கு முன் என்ஜின் ஆயில் அளவு காட்டும் டிப்ஸ்டிக்கை எடுத்துப் பாருங்கள். ஆயில் பால் கலந்த காபி நிறத்தில் இருந்தால் ஹெட்டுக்கு அடியிலுள்ள அடைப்புத் தகடான ஹெட் கேஸ்கெட் போயிருக்கிறது. டோ செய்துதான் கொண்டுபோக வேண்டும். ஓடும்போது கூலன்ட் டப்பாவில் தொடர்ந்து குமிழி வருவதும், இனிப்பு வாசனையோடு வெள்ளைப் புகை வருவதும் அதே நோய். பட்டறையில் புது கேஸ்கெட் போடும் முன், ஹெட்டின் மேல் நேர்விளிம்புச் சட்டம் வைத்து இடைவெளி அளக்கும் மெல்லிய தகடான ஃபீலர் கேஜால் அளக்கச் சொல்லுங்கள். பல என்ஜின்களில் 0.05 மில்லிமீட்டர் வளைந்திருந்தாலே பரப்பைச் சமப்படுத்தும் ஃபேஸிங் தேவைப்படும். உங்கள் என்ஜினுக்கான எல்லை சர்வீஸ் மேனுவலில் இருக்கும். அளக்காமல் மாட்டிய கேஸ்கெட் அடுத்த கோடையைத் தாண்டாது.