பாலாற்று மணல் கடலுக்கு எதற்கு?

காட்பாடியில் பிளஸ் டூ படிக்கும் தம்பி ஒருவர் கேட்டிருக்கிறார்: "கடலோரச் சூழலியல் படிக்க ஆசை சார். வேலூர்க்காரனுக்குக் கடல் எதற்கு என்று வீட்டில் சிரிக்கிறார்கள்."

சிரிப்பவர்களைப் பாலாற்றுப் பாலத்துக்குக் கூட்டிப்போங்கள். கீழே கிடக்கும் மணல், வெள்ளம் வரும்போதெல்லாம் நகர்ந்து நகர்ந்து, கல்பாக்கத்துக்குத் தெற்கே வயலூரில் கடலில் சேரவேண்டிய சரக்கு.

பாறை உதிர்ந்து மணலாவது பள்ளியில் படித்ததுதான். கடலில் விழுந்தபின் நடப்பதுதான் வேடிக்கை. தென்கிழக்கிலிருந்து வரும் அலை கரையில் சாய்வாக மோதி, மணல் துகளை வடமேற்காக மேலே தள்ளுகிறது. திரும்பும் தண்ணீருக்கோ சாய்வு தெரியாது. பள்ளம் பார்த்து நேர்கிழக்கே இறங்கும். ஏறியது ஓரிடம், இறங்கியது சற்று வடக்கே. அடுத்த அலையில் இன்னும் கொஞ்சம். இப்படி ரம்பப் பல் மாதிரி ஏறி இறங்கியே மணல் ஊர் ஊராக வடக்கே போகிறது. வாடைக்காற்று மாதங்களில் தெற்கே திரும்பும். ஆண்டுக் கணக்கு பார்த்தால் வடக்குக்கே மிச்சம்.

19ஆம் நூற்றாண்டின் கடைசியில் சென்னைத் துறைமுகச் சுவர் இதற்குக் குறுக்கே நின்றது. தெற்கே மெரினா அகலமானது. வடக்கே ராயபுரம் பக்கம் கரை கரைந்தது. இப்போது ஊருக்கு ஊர் தூண்டில் வளைவு, அதாவது மணலை மறிக்கக் கடலுக்குள் நீட்டும் கல் சுவர், கேட்கிறார்கள். தன் ஊர் அரிப்பை வடக்கத்தி ஊருக்குத் தள்ளிவிடுவதுதான் அது என்பேன்; வீடு இடிந்து நிற்பவரிடம் இதைச் சொல்ல வாய் வராது.

சட்டம்? 1991 கடற்கரை ஒழுங்குமுறை மண்டல அறிவிக்கை, கடல் ஏறிவரும் உச்ச அலைக்கோட்டிலிருந்து 500 மீட்டர் அளந்து, அதற்குள் கட்டுப்பாடு வைத்தது. 2019இல் நெருக்கமான கடலோரக் கிராமங்களில் கட்டடத் தடை 200 மீட்டரிலிருந்து 50 ஆகச் சுருங்கியது. அந்த டேப்பை எவ்வளவு இழுத்தாலும் கடலுக்கு வராமல் வேலூரிலேயே லாரி ஏறும் மணலைத் தொடாது. மணல் வராவிட்டால் நஷ்டம் வீடுகளுக்கு மட்டுமல்ல; பங்குனி ஆமை என்ற கடலாமை முட்டையிடுவதும் கரை மணலில்தான். அந்த மணலின் சூடுதான் குஞ்சு ஆணா பெண்ணா என்று தீர்மானிக்கிறது.

இந்தத் துறையில் பாதி வேலை ஒரே கரையை மாதாமாதம் அளப்பது. பருவத்துக்குப் பருவம் கரை போய்ப் போய் வருவதால், பத்து வருஷமாவது அளந்தால்தான் நிஜ அரிப்பு தெரியும். நிதி கொடுப்பவர்களோ மூன்றாம் வருஷமே "முடிவு எங்கே?" என்பார்கள்.

தம்பி, ஆற்றில் ஒரு பிடி மணல் அள்ளி உலர்த்திக் காந்தத்தை ஓட்டுங்கள். மீசை மாதிரி கறுப்புத் துகள்கள் ஒட்டும். அடுத்த முறை வயலூருக்கு வடக்கே இருக்கும் மகாபலிபுரம் போனால், அலை நின்ற இடத்தில் தெரியும் கறுப்புக் கோட்டிலும் அதே காந்தத்தை வைத்துப் பாருங்கள்.