ஊரடங்கில் காலாவதியான எல்.எல்.ஆரும் லைசென்ஸும்: எது நீண்டது, எது நீளவில்லை

“கொரோனா சமயத்தில் லைசென்ஸுக்குக் காலம் நீட்டித்தார்களே, அது இன்னும் உண்டா?”

இல்லை. அந்தச் சலுகை 2021 அக்டோபர் 31-ஆம் தேதியோடு முடிந்துவிட்டது. 2020-இல் காலாவதியான லைசென்ஸைப் பர்ஸில் வைத்துக்கொண்டு, அரசே நீட்டித்திருக்கிறது என்ற நம்பிக்கையில் இப்போதும் வண்டி ஓட்டினால், அது லைசென்ஸ் இல்லாமல் ஓட்டுவதுதான். 2019-இல் திருத்தப்பட்ட மோட்டார் வாகனச் சட்டப்படி அதற்கு அபராதம் ₹5,000.

முதலில் எல்.எல்.ஆர், அதாவது ஓட்டக் கற்பவருக்குத் தரும் பழகுநர் உரிமத்தின் கணக்கு. ஊரடங்கில் அதிகம் அடிபட்டவர்கள் ஓட்டக் கற்றுக்கொண்டிருந்தவர்கள்தான். எல்.எல்.ஆருக்கு ஆயுள் 6 மாதம். அதை வாங்கி 30 நாள் ஆகாமல் ஓட்டுநர் தேர்வுக்குப் போக முடியாது. ஆக, கையில் மிஞ்சுவது ஐந்து மாதம். அதற்குள் ஓட்டப் பழகி, ஸ்லாட் பிடித்து, தேர்வு நடத்தும் ஆர்.டி.ஓ. ஆபீஸ் அதிகாரியான பிரேக் இன்ஸ்பெக்டர் முன்னால் பைக்கில் எட்டு வடிவம் சுற்றியோ காரை ஓட்டியோ காட்டியாக வேண்டும். ஒருமுறை தவறினால் 7 நாள் கழித்துத்தான் மறுமுறை. மூன்று முறையும் தவறினால் 60 நாள் காத்திருக்க வேண்டும். ஐந்தாவது மாதத்தில் முதல் ஸ்லாட் போட்டு மூன்று தடவையும் கோட்டை விட்டவருக்கு, அந்த 60 நாள் முடிவதற்குள் எல்.எல்.ஆர் செத்துவிடும். சாதாரண நாளிலேயே இவ்வளவு இறுக்கமான கணக்கு இது.

2020 மார்ச் 25-ஆம் தேதி நாடு முழுக்க ஊரடங்கு வந்தபோது இந்தக் கணக்கு அப்படியே நின்றுபோனது. ஆர்.டி.ஓ. ஆபீஸில் தேர்வு இல்லை, டிரைவிங் ஸ்கூலில் வகுப்பும் இல்லை. ஆனால் எல்.எல்.ஆரில் அச்சடித்த தேதி மட்டும் நெருங்கிக்கொண்டே இருந்தது. டிரைவிங் ஸ்கூல்களுக்கு இன்னொரு சங்கடமும் உண்டு. காருக்குள் கற்பவரும் கற்றுக்கொடுப்பவரும் ஒரு முழ இடைவெளியில்தான் உட்கார முடியும். பயிற்சி தருபவர் தன் காலடியில் இருக்கும் இரண்டாவது பிரேக்கையும் கிளட்சையும் மிதித்து வண்டியை நிறுத்த வேண்டியிருப்பதால் பின் சீட்டுக்கும் போக முடியாது. சமூக இடைவெளி என்ற பேச்சுக்கே அங்கே இடமில்லை.

பாதியில் நின்ற வகுப்புகளுக்கு விதி என்ன சொல்கிறது என்பதும் தெரிந்திருக்க வேண்டும். சொந்தக் கார் ஓட்டக் கற்பவருக்கு டிரைவிங் ஸ்கூல் பயிற்சி 21 நாளுக்குக் குறையக் கூடாது. அதில் ஸ்டியரிங்கைப் பிடித்து ஓட்டும் நேரம் மட்டும் 10 மணிக்குக் குறையக் கூடாது. வாடகை வண்டிக்கென்றால் 30 நாள், 15 மணி நேரம். ஒவ்வொருவரும் எத்தனை மணி நேரம் ஓட்டினார் என்பதைப் பள்ளி படிவம் 15-இல் பதிவேடாக வைத்திருக்க வேண்டும். பணம் முழுதும் கட்டி, வகுப்பு பாதியில் நின்றுபோனால் கேட்க வேண்டியது அந்தப் பதிவேட்டைத்தான். “நீங்க பாதிக்கு மேல முடிச்சிட்டீங்க சார்” என்ற வாய்ப்பேச்சை நம்பிக்கொண்டிருக்க வேண்டியதில்லை.

சரி, நீட்டிப்பு எப்படி வந்தது? மத்தியச் சாலைப் போக்குவரத்து அமைச்சகம் 2020 மார்ச் 30-ஆம் தேதி முதல் அறிவுறுத்தலை மாநிலங்களுக்கு அனுப்பியது. 2020 பிப்ரவரி 1-ஆம் தேதிக்குப் பிறகு காலாவதியான, ஊரடங்கால் புதுப்பிக்க முடியாமல் போன லைசென்ஸ், ஆர்.சி. (வண்டிப் பதிவுச் சான்று), எஃப்.சி. (வண்டித் தகுதிச் சான்று), பர்மிட் ஆகியவற்றை 2020 ஜூன் 30 வரை செல்லும் எனக் கருதுங்கள் என்றது அது. ஊரடங்கு நீள நீள, இந்தக் கடைசித் தேதியும் தவணை தவணையாகத் தள்ளிப்போனது: 2020 செப்டம்பர் 30, பிறகு டிசம்பர் 31, பிறகு 2021 மார்ச் 31, ஜூன் 30, செப்டம்பர் 30, கடைசியாக அக்டோபர் 31. அதன்பின் நீட்டவில்லை. ஏழு அறிவுறுத்தல்களிலும் தொடக்கத் தேதி மட்டும் மாறவே இல்லை, அது 2020 பிப்ரவரி 1-தான். பலர் கோட்டை விட்டது இங்கேதான்.

இரண்டு உதாரணம் பார்ப்போம். 2019 அக்டோபர் 10-இல் எல்.எல்.ஆர் வாங்கியவருக்கு அது 2020 ஏப்ரலில் முடிய வேண்டும். அந்தத் தேதி பிப்ரவரி 1-க்குப் பின்னால் வருவதால் சலுகை உண்டு. 2019 ஜூலை 10-இல் வாங்கியவருக்கு 2020 ஜனவரியிலேயே முடிந்துவிட்டது. ஊரடங்கு அவரையும்தான் வீட்டில் உட்கார வைத்தது, ஆனாலும் அவருக்குச் சலுகை கிடையாது. லைசென்ஸுக்கும் இதே அளவுகோல்தான்: 2020 ஜனவரி 20-இல் முடிந்தது வெளியே, மார்ச் 15-இல் முடிந்தது உள்ளே.

அறிவுறுத்தலின் பட்டியலில் எல்.எல்.ஆருக்குத் தனிப் பெயர் இல்லை. “தொடர்புடைய பிற ஆவணங்கள்” என்று ஒரு வாசகம் இருந்தது, எல்.எல்.ஆர் அதற்குள் அடங்கியது. இந்த இடத்தில் நம் ஊர்க்காரர்கள் கொடுத்துவைத்தவர்கள் என்றே சொல்லலாம். பிரிட்டனில் 2020 பிப்ரவரி 1 முதல் டிசம்பர் 31 வரை காலாவதியான லைசென்ஸுகளுக்கு 11 மாதம் சேர்த்துக் கொடுத்தார்கள். ஆனால் ஓட்டுநர் தேர்வுக்கு முன் எழுத வேண்டிய எழுத்துத் தேர்வுச் சான்றின் 2 ஆண்டு ஆயுளை நீட்ட மறுத்துவிட்டார்கள். வண்டித் தேர்வு நடக்காமலேயே சான்று காலாவதியானவர்கள் திரும்பவும் பணம் கட்டி எழுத வேண்டியதாயிற்று.

இனி, இந்தச் சலுகை எதைச் செய்யவில்லை என்பது. இதில்தான் குழப்பம் அதிகம்.

கார்டில் அச்சான தேதியை அது மாற்றவில்லை. வழியில் மறிக்கும் போலீஸாரும் ஆர்.டி.ஓ. அதிகாரிகளும் இதைச் செல்லும் என எடுத்துக்கொள்ளுங்கள் என்று சொன்னது, அவ்வளவுதான். புதுப்பிக்கும் வேலை அப்படியே பாக்கி நின்றது.

தேர்வை யாருக்கும் தள்ளுபடி செய்யவில்லை. எல்.எல்.ஆரின் ஆயுள் நீண்டதே தவிர, அது லைசென்ஸாக மாறிவிடவில்லை. எல்.எல்.ஆர்காரர் தனியாக ஓட்டலாம் என்றும் ஆகவில்லை. செல்லத்தக்க லைசென்ஸ் உள்ள ஒருவர், வண்டியை நிறுத்தக்கூடிய இடத்தில் பக்கத்தில் உட்கார்ந்திருக்க வேண்டும். முன்னும் பின்னும் எல் போர்டு வேண்டும். அதற்கும் அளவு உண்டு. வெள்ளைப் பரப்பு பக்கத்துக்கு 18 சென்டிமீட்டர் உள்ள சதுரத்துக்குக் குறையக் கூடாது. அதில் சிவப்பு எழுத்து 10 செ.மீ. உயரம், 2 செ.மீ. தடிமன், அடியில் 9 செ.மீ. அகலம் இருக்க வேண்டும். கண்ணாடியில் பேருக்கு ஒட்டும் சின்ன ஸ்டிக்கர் இந்தக் கணக்கில் சேராது.

இன்சூரன்ஸ் இதில் அடங்கவே அடங்காது. அதற்கு நிதி அமைச்சகம் தனியாக ஆணை போட்டது: 2020 மார்ச் 25 முதல் மே 3 வரை புதுப்பிக்க வேண்டியிருந்த மூன்றாம் நபர் காப்பீட்டுக்கு மே 15-க்குள் பணம் கட்டினால் போதும் என்று. அதோடு சரி. லைசென்ஸ் அறிவுறுத்தலைக் காட்டி, இன்சூரன்ஸும் 2021 வரை செல்லும் என்று நினைத்திருந்தால் விபத்து நடந்த அன்றுதான் உண்மை தெரிந்திருக்கும்.

அதே காலத்தில் வந்து, ஊரடங்குக்குப் பிறகும் நிலைத்துவிட்ட மாற்றம் ஒன்று உண்டு. 2021 மார்ச் 3-இல் வந்த அறிவிக்கை, ஆர்.டி.ஓ. ஆபீஸுக்குப் போகாமல் ஆதார் மூலம் முடிக்கக்கூடிய 18 சேவைகளைப் பட்டியலிட்டது. எல்.எல்.ஆர், தேர்வு தேவைப்படாத லைசென்ஸ் புதுப்பிப்பு, டூப்ளிகேட் லைசென்ஸ், முகவரி மாற்றம் எல்லாம் அதில் அடக்கம். விண்ணப்பம், லைசென்ஸ் சேவைகளுக்கான அரசுத் தளமான சாரதி இணையதளத்தில். ஆதார் வழியைத் தேர்ந்தெடுத்தால் பெயர், பிறந்த தேதி, முகவரி, போட்டோ எல்லாம் ஆதாரிலிருந்தே வந்து விழும். அங்கே நீங்கள் திருத்த முடியாது. கை வைப்பதற்கு முன் மூன்றைப் பாருங்கள்.

ஓ.டி.பி. வர வேண்டிய மொபைல் எண் ஆதாரில் இணைந்திருக்கிறதா? இல்லையென்றால் முதல் படியிலேயே நின்றுவிடும். அடுத்து இனிஷியல். இது தமிழ்நாட்டுக்கே உரிய தலைவலி: ஆதாரில் “முருகன் எஸ்”, பழைய லைசென்ஸில் “எஸ். முருகன்”, பத்தாம் வகுப்புச் சான்றிதழில் அப்பா பெயர் முழுசாக. புதுப்பிக்கும்போது ஆதாரும் பழைய லைசென்ஸும் ஒத்துப்போகாவிட்டால் விண்ணப்பம் சிக்கும். ஆதாரைத் திருத்திவிட்டு வருவதே குறைந்த அலைச்சல். மூன்றாவது, போட்டோ. பள்ளிக்கூடத்தில் படிக்கும்போது எடுத்த ஆதார் படம்தான் லைசென்ஸிலும் வரும். 18 வயது ஆனதும் எல்.எல்.ஆர் போட நினைப்பவர்கள் படத்தைப் புதுப்பித்துவிட்டு விண்ணப்பிப்பது நல்லது. ஆதார் கொடுக்க விருப்பமில்லையென்றால் பழைய வழி மூடவில்லை. நேரில் போக வேண்டும், அவ்வளவே.

கட்டணம், மத்திய விதிப்படி: எல்.எல்.ஆருக்கு வண்டி வகை ஒன்றுக்கு ₹150, அதற்கான தேர்வுக்கு ₹50. ஓட்டுநர் தேர்வுக்கு வகை ஒன்றுக்கு ₹300, லைசென்ஸ் வழங்க ₹200. மாநிலத்தின் சேவைக் கட்டணம் இதற்கு மேல். பைக்குக்கும் காருக்கும் சேர்த்துப் போடுபவர் வகைக்கு ஒன்றாகக் கணக்கிட்டுக்கொள்ள வேண்டும்.

2021 ஜூலை 1 முதல் நடைமுறைக்கு வந்த இன்னொன்றைப் பற்றி வாட்ஸ்அப்பில் இன்றும் தவறாகவே சுற்றிக்கொண்டிருக்கிறது: “இனி ஆர்.டி.ஓ. டெஸ்ட் கிடையாது.” அங்கீகாரம் பெற்ற ஓட்டுநர் பயிற்சி மையத்தில் படித்துத் தேறியவருக்கு மட்டும்தான் ஆர்.டி.ஓ. தேர்விலிருந்து விலக்கு. அந்த மையத்துக்குப் போதிய நிலம் வேண்டும், சிமுலேட்டர் (வண்டி ஓட்டுவதுபோலவே பழக்கும் கருவி) வேண்டும், ஓட்டுதளம் வேண்டும். இலகுரக வாகனப் பயிற்சி 4 வாரத்தில் 29 மணி நேரம், அதில் பாடம் 8 மணி, ஓட்டுவது 21 மணி. தெருமுனையில் எல் போர்டு போட்ட காரோடு நிற்கும் வழக்கமான டிரைவிங் ஸ்கூல் இந்தக் கணக்கில் வராது. இதே வதந்தி 2024 மே மாதத்தில் மறுபடி கிளம்பி, விதியில் எதுவும் மாறவில்லை என்று அமைச்சகமே விளக்கம் சொல்ல வேண்டியிருந்தது. “டெஸ்ட் இல்லாமல் எடுத்துத் தருகிறோம்” என்று யாராவது சொன்னால், மையத்தின் அங்கீகார எண்ணைக் கேளுங்கள். பேச்சு அங்கேயே நின்றுவிடும்.

இப்போது, 2020-21-இல் காலாவதியாகி இன்றுவரை புதுப்பிக்காமல் விட்டவர்களுக்கு. லைசென்ஸைக் காலாவதிக்கு ஓராண்டு முன்பிருந்தே புதுப்பிக்கலாம். காலாவதியான பிறகும் ஓராண்டு வரை தேர்வில்லாமல் புதுப்பிக்கலாம். அந்த ஓராண்டு என்பது விண்ணப்பிக்கத்தான், வண்டி ஓட்ட அல்ல. காலாவதிக்குப் பின் 30 நாள் செல்லும் என்று முன்பு ஒரு சலுகை இருந்தது. 2019 திருத்தம் அதை நீக்கிவிட்டது. மறுநாளே செல்லாது. ஓராண்டு தாண்டினால் மறுபடி ஓட்டிக் காட்டித் தேற வேண்டும். கார்டில் உள்ள தேதியிலிருந்து எண்ணினாலும் சரி, 2021 அக்டோபர் 31-லிருந்து எண்ணினாலும் சரி, அந்த ஓராண்டு எப்போதோ போய்விட்டது. ஆகவே பிரேக் இன்ஸ்பெக்டர் முன் போக வேண்டியதுதான். நடுவில் சாலையில் ஓட்டிப் பழக வேண்டுமென்றால் கையில் செல்லத்தக்க எல்.எல்.ஆரும் பக்கத்தில் லைசென்ஸ் உள்ளவரும் இருக்க வேண்டும். 40 வயதைத் தாண்டியவர்கள் டாக்டரிடம் படிவம் 1ஏ-வில் மருத்துவச் சான்று வாங்கிக்கொள்ளுங்கள்.

தேர்வில் புதியவரைவிடப் பழைய ஓட்டுநர்களே சறுக்குவதுண்டு. வண்டி நன்றாக ஓட்டுவார்கள். ஆனால் உட்கார்ந்ததும் கண்ணாடியைச் சரிசெய்வது, கை சிக்னல் காட்டுவது, ரிவர்ஸில் குறுகிய இடத்துக்குள் திருப்பி நுழைப்பது, மேட்டில் நிறுத்திப் பின்னால் உருளாமல் எடுப்பது எல்லாம் மத்திய மோட்டார் வாகன விதி 15-இல் பெயர் சொல்லி எழுதியிருக்கிறது. பைக்கில் எட்டு போடும்போது காலை ஊன்றுவது வழக்கமான தவறு. ஃபர்ஸ்ட் கியரில் பின் பிரேக்கை லேசாக மிதித்தபடி, பார்வையை முன் சக்கரத்தில் வைக்காமல் அடுத்த வளைவில் வைத்தால் ஊன்ற வேண்டி வராது.

இதுபோன்ற நீட்டிப்பு கொரோனாவோடு முடிந்துவிடவும் இல்லை. 2024 ஜனவரி 31 முதல் பிப்ரவரி 12 வரை சாரதி தளம் பழுதானபோது, அந்த நாட்களில் காலாவதியான எல்.எல்.ஆரும் லைசென்ஸும் பிப்ரவரி 29 வரை செல்லும் என்று அமைச்சகம் அறிவித்தது. இனி இப்படி ஏதாவது ஆணை வந்தால், கடைசித் தேதியைப் பார்ப்பதற்கு முன் “எந்தத் தேதி முதல் காலாவதியானவை” என்ற வரியைத் தேடுங்கள். உங்கள் கார்டின் தேதி அதற்கு ஒரு நாள் முன்னால் இருந்தாலும் அந்த ஆணை உங்களுக்கானது அல்ல.