லிப்வெப்பி: அட்டவணைக்குப் போதாமற்போன இடம்

தைப்பொங்கலன்று மஸ்கெலியாவிலிருந்து அக்கா அனுப்பும் வட்ஸ்அப் ஸ்டிக்கர், கூகிள் 2010இல் அறிமுகப்படுத்திய வெப்பி வகைப் படமாகும். அவ்வகைப் படங்களைச் சுருக்கவும் அச்சுருக்கத்தை அவிழ்க்கவுமென எழுதப்பட்டு, பிற மென்பொருள்களும் தமக்குள் சேர்த்துப் பயன்படுத்தும் திறந்த மூல நிரல் நூலகமே லிப்வெப்பி. அதில் ஆபத்தான வழுவொன்று இருப்பதை அப்பிள் நிறுவனத்தின் பாதுகாப்புக் குழுவும் டொரன்டோ பல்கலைக்கழகத்தின் சிட்டிசன் லேப் ஆய்வகமும் 2023 செப்டெம்பரில் தெரிவித்தன.

வழு இருந்தது, தரம் குன்றாமல் சுருக்கிய படங்களை அவிழ்க்கும் பகுதியில். அங்கே பயன்படுவது 1952இல் டேவிட் ஹஃப்மன் வெளியிட்ட முறை: அடிக்கடி வரும் மதிப்புக்குக் குறுகிய குறியீடு, அரிதாக வருவதற்கு நீண்ட குறியீடு. தேயிலை மலையின் படமென்றால், திரும்பத் திரும்ப வரும் பச்சைக்குச் சில பிட்டுகளே (0 அல்லது 1 என்னும் இலக்கங்கள்) போதும். கொழுந்து பறிப்பவரின் சிவப்புத் தலைத்துணிக்குக் கூடுதலாக வேண்டும். எந்த மதிப்புக்கு எத்தனை பிட் என்பதைக் கோப்பே சொல்கிறது; அதைக் கொண்டு நூலகம், குறியீட்டுக்குரிய மதிப்பைக் கண்டறிய உதவும் ஐந்து அட்டவணைகளைக் கட்டி, அடுத்தடுத்து நினைவகத்தில் வைக்கிறது.

முறையான குறியீடுகளுக்கு அதிகபட்சம் எவ்வளவு இடம் தேவை என்பதை எழுதியவர்கள் முன்கூட்டியே சரியாகக் கணக்கிட்டிருந்தார்கள். ஆனால் கோப்பு சொல்லும் நீளங்கள் முறையானவைதாமா என்பது முழுமையாகச் சோதிக்கப்படுவதற்கு முன்பே அட்டவணையை எழுதும் வேலை தொடங்கிவிட்டது. ஆகவே வேண்டுமென்றே பிழையாக அமைக்கப்பட்ட படமொன்றால், ஒதுக்கிய இடத்துக்கு அப்பாலும் எழுத வைக்க முடிந்தது. நினைவகம் லயத்துக் காம்பராக்களைப் போல வரிசையாக அமைந்தது, ஆனால் நடுச்சுவர் இல்லாதது. வழிந்தது பக்கத்துக் காம்பராவில் இருப்பதை அழித்து எழுதும், அந்த இடத்தைப் பிடிப்பவர் செயலியையே தன் வசப்படுத்தவும் கூடும்.

எழுந்தமானமான கோப்புகளை ஊட்டிச் சோதிக்கும் கருவிகளிடம் இது பல ஆண்டுகள் அகப்படவில்லை. முந்திய அட்டவணைகள் தம் உச்ச அளவை எட்டிய பின்னரே கடைசி அட்டவணை எல்லை மீறும். அத்தகைய கோப்பு தற்செயலாக அமைவது மிக அரிது. திருத்தமோ எளிமையானது: 1.3.2 பதிப்பு முதலில் எதையும் எழுதாமல் அளந்து பார்த்து, முறையற்ற கோப்பை நிராகரிக்கிறது.

என்னைக் கவலைப்படுத்துவது வேறொன்று. குரோம் உலாவியின் குறைபாடாகவே இது முதலில் பதிவானது. உண்மையிலோ, பயர்பாக்ஸ் முதலிய எத்தனையோ மென்பொருள்கள் இதே நூலகத்தின் பிரதியைத் தமக்குள் வைத்திருந்தன. ஒன்றைத் திருத்துவதால் மற்றொன்று திருந்தாது. அண்ணன் பயன்படுத்தி முடித்துத் தம்பிக்குக் கொடுத்த பழைய கைத்தொலைபேசியில் செயலிகளைப் புதுப்பிக்கலாம். ஆனால் தயாரிப்பாளர் கைவிட்ட இயங்குதளத்துக்குள் இருக்கும் பிரதி, பழைய பிரதியாகவே தங்கிவிடுகிறது.