துருவைப் பிடித்து இழுக்கும் மின்சாரம்

ஐப்பசி, கார்த்திகையில் குன்னூரில் தீப்பெட்டி நமுத்துப்போகும், உப்பு கசியும், கொட்டகையில் சாத்திவைத்த மண்வெட்டி சில நாட்களிலேயே செங்கல் நிறத்துக்கு வந்துவிடும். மழையில் நனையவே வேண்டாம். இரவில் குளிர்ந்து கிடக்கும் இரும்பின் மேல் மூடுபனி மெல்லிய நீர்ப்படலமாகப் படியும். காற்றில் ஆக்சிஜன் இருக்கிறது. துருவுக்கு அது போதும். அலுமினியத்தின் மேல் உண்டாகும் ஆக்சைடு உலோகத்தை இறுக மூடிக் காக்கும். துரு அப்படியல்ல. தான் தின்ற இரும்பைவிட அதிக இடத்தை அடைத்துக்கொண்டு, பொருக்குப் பொருக்காக உப்பி, அடுத்த அடுக்கையும் ஈரத்துக்குக் காட்டிக்கொடுக்கும்.

என்னிடம் இப்படிச் சிக்கியது ஒரு சின்ன வைஸ், அதாவது பொருளைத் திருகி இறுக்கிப் பிடிக்கும் இரும்புப் பிடி. உப்புத்தாள் வைத்துத் தேய்த்தால் நல்ல இரும்பும் சேர்ந்து போகும். திருகின் மரைக்குள் தாள் நுழையவும் நுழையாது. சரி, மின்பகுப்பு, அதாவது தண்ணீருக்குள் மின்சாரம் விட்டுத் துருவைக் கழற்றுவது என்று முடிவு செய்தேன்.

ஒரு பிளாஸ்டிக் வாளி. 4 லிட்டர் தண்ணீருக்கு ஒரு மேசைக்கரண்டி சலவை சோடா. 12 வோல்ட் பேட்டரி சார்ஜர். பழைய வகைதான் நல்லது, புதியவை பேட்டரி இல்லாவிட்டால் மின்சாரமே தராது. நேர்முனையில் ஒரு முறுக்குக் கம்பித் துண்டு, எதிர்முனையில் துருப்பிடித்த பொருள். இரண்டும் தொடக்கூடாது. முதல் தடவை நான் இதை மாற்றி மாட்டிவிட்டு இரவு தூங்கப் போய்விட்டேன். காலையில் கம்பி பளிச்சென்று இருந்தது, வைஸில் புதிதாகக் குழிகள்.

ஏன் அப்படி? எதிர்முனைக்கு எலக்ட்ரான்கள் வந்துகொண்டே இருக்கும். துரு என்பது எலக்ட்ரான்களை இழந்த இரும்பு. அவை திரும்பக் கிடைத்ததும் அதில் ஒரு பகுதி மேக்னடைட் என்ற கறுப்பு ஆக்சைடாக மாறிப் பிடிப்பு தளர்கிறது. அதே இடத்தில் தண்ணீர் பிரிந்து ஹைட்ரஜன் குமிழிகள் கிளம்பி, தளர்ந்த பொருக்கை நெம்பித் தள்ளுகின்றன. நேர்முனையில் எல்லாம் தலைகீழ்: அங்கே ஆக்சிஜன் வரும், இரும்பு கரையும். அரித்துப்போன இரும்பு மட்டும் திரும்பி வராது. குழி குழியாகவே இருக்கும்.

மின்சாரம் குறுக்குவழியைத் தேடும். அதனால் கம்பியைப் பார்த்த பக்கம்தான் சீக்கிரம் சுத்தமாகும். பொருளை அவ்வப்போது திருப்பி வைக்க வேண்டும், அல்லது சுற்றிலும் நாலு கம்பிகளை நிறுத்த வேண்டும்.

2 ஆம்பியர் ஒரு மணி நேரம் ஓடினால் குன்னூர் உயரத்தில் ஏறத்தாழ 1.1 லிட்டர் ஹைட்ரஜன் கிளம்பும்; கடலோரத்தில் இது 0.9 லிட்டர்தான், இங்கே காற்றழுத்தம் குறைவு என்பதால் வாயு கொஞ்சம் விரிந்துகொள்கிறது. காற்றில் 4 சதவீதம் சேர்ந்தாலே தீப்பிடிக்கக்கூடியது அது. நம் ஊர் வழக்கப்படி குளிருக்குக் கதவைச் சாத்தி, கரியடுப்பு மூட்டிய அறையில் இதைச் செய்வது தற்கொலைக்குச் சமம். திறந்த தாழ்வாரத்தில் வையுங்கள். கிளிப்பைக் கழற்றும் முன் சுவிட்சை அணையுங்கள், இல்லையென்றால் பொறி பறக்கும்.

இன்னும் சில எச்சரிக்கைகள். நேர்முனையில் எவர்சில்வர் கரண்டியை மாட்டாதீர்கள். அதிலுள்ள குரோமியம் நச்சு வடிவத்தில் கரைந்து வரும். சோடாவுக்குப் பதில் உப்பு போட்டால் குளோரின் வாயு வரும். அலுமினியப் பாகத்தைச் சோடாத் தண்ணீரே அரித்துவிடும். ஸ்பிரிங் போன்ற கடினப்படுத்திய எஃகுக்கும் இந்த முறை வேண்டாம்: ஹைட்ரஜன் உள்ளே புகுந்து அதை நொறுங்க வைக்கலாம்.

குமிழி விட்டு ஒரு ராத்திரி கழிந்தால் கறுப்புச் சேறு பூசியதுபோல வெளியே வரும். பிரஷ் போட்டுத் தேய்த்தால் கழன்றுவிடும். அப்புறம்தான் அவசரம். ஈர இரும்பு நிமிடங்களில் மறுபடி சிவக்கத் தொடங்கும், அதுவும் மூடுபனியில். துடைத்து, வெயிலிலோ அடுப்புச் சூட்டிலோ காயவைத்து, உடனே மெஷின் ஆயில் தடவுங்கள். தேங்காய் எண்ணெய் வேண்டாம். 24 டிகிரிக்குக் கீழே உறைந்துவிடுவது, நம் ஊரில் பாட்டிலைவிட்டே இறங்காது.

வாளித் தண்ணீரைக் கொட்ட வேண்டாம். சோடா செலவாவதில்லை, வற்றிய அளவுக்குத் தண்ணீர் மட்டும் ஊற்றினால் அடுத்த பொருளுக்கும் ஆகும். முறுக்குக் கம்பிதான் ஒவ்வொரு தடவையும் கொஞ்சம் இளைத்துக்கொண்டே வரும்.